கையளவு கார்கள் – 9: மிச்ச டப்பா

போன வாரம், பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் பிரேக் ஆயிலை ஊற்றி, காரை அதற்குள் முக்கி வைத்ததோடு நிறுத்தியிருந்தேன். மூன்று நாள் கழித்து மூடியைத் திறந்தால் எண்ணெய் முழுக்கக் கருஞ்சிவப்பு. அமெரிக்காவில் எப்போதோ எவனோ ஒரு பையன் தடித்தடியாக அப்பிய எனாமல் பெயின்ட், பாலாடை மாதிரிச் சுருண்டு மிதந்தது. கையுறை மாட்டிக்கொண்டு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலச அலச, அடியிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக் தலைகாட்டியது. கதவுக் கோடு, கதவுக் குமிழ், பின்பக்கத்து மடிப்பு எல்லாம் அப்படியே இருந்தன.

பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், பாலிஸ்டைரீனைச் சும்மா விட்டுவிடும். திண்டுக்கல்லில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். தின்னர் அப்படியல்ல. இந்தப் பைத்தியம் பிடித்த புதிதில் ஒரு காரின் கதவைத் தின்னர் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பஞ்சு எது, கதவு எது என்று தெரியாமல் போயிற்று.

அடுத்த தலைவலி ஒட்டு. பாகம் பாகமாக வந்து நாமே ஒட்டிக் கட்டும் இந்தக் கார் கிட்டுகளுக்கான பசை, காகிதத்துக்குப் போடும் பசையைப் போல நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் பிடிப்பதில்லை. இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். ஆனால் சின்னப் பையன்கள் டியூபைப் பிதுக்கினால் பசை கட்டி கட்டியாகத்தான் நிற்கும். குளிரில் அந்தக் கட்டி நொறுங்கத் தொடங்கும். எனவே ஒரு ராத்திரி பிரீசர், வஞ்சிர மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில். வீட்டில் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது. காலையில் எடுத்து இரண்டு கட்டைவிரலால் மெல்ல நெளித்தேன். 'டக்'கென்று அடிச்சட்டம் தனியே வந்தது. எஞ்சினைக் காணோம். அது இருந்த இடத்தில் பசைக் கறை மட்டும்தான்.

கார், 1932-ஆம் வருஷத்து ஃபோர்டு. அமெரிக்காவில் இதற்கு 'டியூஸ்' என்று செல்லப்பெயர். முப்பத்திரண்டின் கடைசி இரண்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் வி-8 எஞ்சினோடு வந்த முதல் கார் இது. 65 குதிரைசக்தி. இன்று கேட்டால் சிரிப்பு வரும், அன்று பெரிய சங்கதி. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய கலிஃபோர்னியா இளவட்டங்களின் கையில் இந்தப் பழைய ஃபோர்டுகள் மலிவாகச் சிக்கின. மட்கார்டைக் கழற்றினார்கள், பம்பரைக் கழற்றினார்கள், கூரையின் தூண்களை வெட்டிக் குட்டையாக்கினார்கள். வேறு காரிலிருந்து பெரிய எஞ்சினைப் பிடுங்கி இதில் சொருகினார்கள். மியூராக் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் போருக்கு முன்பே இப்படிப்பட்ட வண்டிகள் சீறிக்கொண்டிருந்தன. போருக்குப் பின் அது ஒரு தலைமுறையின் விளையாட்டாகவே ஆயிற்று. ஹாட் ராட் என்பது இதுதான். எந்தத் தொழிற்சாலையும் செய்து விற்காத கார்.

இதே ஃபோர்டு கம்பெனி 1926-லேயே இந்தியாவுக்கு வந்து, மெட்ராஸிலும் கார்களைப் பூட்டி விற்றது. அப்படியென்றால் இங்கே ஏன் ஒருவன்கூட அதன் கூரையை வெட்டவில்லை என்று ஒரு நண்பர் கேட்டார். வெட்டுவதற்குக் கார் மலிவாக இருக்க வேண்டும். இங்கே இருந்ததே கொஞ்சம், அதையும் கடைசி மூச்சுவரை ஓட்டியாக வேண்டும். ஆனால் அந்தப் புத்தி நம்மிடம் இல்லாமல் போகவில்லை. சென்னையின் மீன்பாடி வண்டியைப் பாருங்கள். மூன்று சக்கர மிதிவண்டி, அதில் கழித்துப்போட்ட பைக்கின் எஞ்சின். தமிழ்நாட்டின் அசல் ஹாட் ராட் அதுதான் என்று நான் யாரிடமும் வாதாடத் தயார்.

சட்டம்தான் ஒத்துக்கொள்ளாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. ஆக, நம் ரோட்டில் டியூஸ் ஓடாது. என் மேஜைமேல் ஓடலாம். நிஜக் காரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 106 அங்குலம்; இருபத்தைந்தில் ஒரு பங்கில் அது நாலேகால் அங்குலம். அந்த அளவுக்கு எந்த ஆர்.டி.ஓ.வும் எஃப்.சி. கேட்கமாட்டார்.

நிஜக் காரைப் பார்த்துச் சின்னக் காரைச் செய்வதுதான் வழக்கம். அமெரிக்காவில் அது தலைகீழாகவும் நடந்தது. டாம் டேனியல் என்ற வடிவமைப்பாளர், ஜெர்மன் போர்வீரனின் இரும்புத் தொப்பியையே கூரையாக வைத்து 'ரெட் பேரன்' என்றொரு காரை வரைந்தார். மோனோகிராம் கம்பெனி 1968-ல் அதைக் கிட்டாக வெளியிட்டது. அப்போது அப்படியொரு கார் உலகத்தில் கிடையாது. பிளாஸ்டிக் சக்கைப்போடு போட்ட பிறகுதான் சக் மில்லர் என்பவர் அதை முழு அளவில் நிஜக் காராகச் செய்தார். குழந்தை பிறந்து, அதற்கப்புறம் அப்பன் பிறந்த கதை.

எஞ்சினுக்கு வருகிறேன். அதற்கு முன்பு டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஏ.எம்.டி. என்ற அமெரிக்கக் கம்பெனி 1948-ல் தொடங்கியது. முதலில் கார் ஷோரூம்களுக்காகப் புது மாடல்களின் சின்னப் பிரதிகளைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1958-ல் அவர்களுக்கு ஒரு யோசனை வந்தது: ஒரே பெட்டியில் மூன்று கார். அதாவது உடம்பு ஒன்று, உதிரிப் பாகம் மூன்று தினுசு. கம்பெனி விட்டபடியே செய்யலாம், அலங்காரக் காராகச் செய்யலாம், பந்தயக் காராகச் செய்யலாம். பையன் ஒன்றைத்தான் செய்ய முடியும். மற்ற இரண்டு தினுசுக்கான சக்கரம், கிரில், கார்புரேட்டர், சைலன்சர் எல்லாம் மிச்சம். அந்த மிச்சம் ஒரு டப்பாவுக்குப் போகும். நாலு கிட் கட்டினவன் டப்பாவில் ஐந்தாவது கார் பாதி உருவாகிக் கிடக்கும். என்னைக் கேட்டால் அந்தப் பெட்டிகளில் விற்கப்பட்ட அருமையான சரக்கு அந்த மிச்சம்தான். பழைய இரும்புக் கடையில் நிற்கும் சுகத்தை அட்டைப்பெட்டியில் அடைத்துப் பத்து வயசுப் பையனுக்குக் கொடுத்தார்கள்.

நமக்கு அது வாய்க்கவில்லை. இங்கிலாந்தின் டிங்கி கார்களுடைய அச்சுகளை வாங்கி, கல்கத்தாவில் 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார் வார்த்தார்கள். பிறகு லியோ முத்திரையோடு மேட்டலின் ஹாட் வீல்ஸ் வந்தது. எல்லாமே முழுசாக முடிந்த கார்கள். உருட்டலாம், மோதலாம், தொலைக்கலாம். மிச்சம் என்று ஒன்றும் விழாது. எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு மிச்சத்திலிருந்து கிடைத்த வண்டி ஒன்றே ஒன்று: நுங்கைத் தின்றுவிட்டு எறிந்த இரண்டு கூந்தலும் நடுவில் ஒரு குச்சியும், தள்ளுவதற்கு ஒரு கவைக் கம்பும். வேடசந்தூர் ரோட்டில் கோடைக்குக் கோடை அதை ஓட்டியிருக்கிறேன்.

பழைய கிட்டைப் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் அடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, சம்பந்தமும் இல்லை. பழைய அச்சுகள் கம்பெனி மாறி மாறி, இப்போது ரவுண்ட் 2 என்ற நிறுவனம் ஏ.எம்.டி. பெயரிலேயே மறுபடி வார்த்துத் தருகிறது. ஆனால் பொம்மை இறக்குமதிக்கான சுங்க வரி 2020-ல் இருபதிலிருந்து 60 சதவீதமானது, 2023-ல் 70 சதவீதமானது. அதனால்தான் அத்தை மகன் அமெரிக்காவிலிருந்து பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவரும் அரைகுறைக் கார்களே எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது.

என் மிச்ச டப்பா ஒரு பிஸ்கட் தகர டின். அதைக் கவிழ்த்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கொடுமை. இரண்டு ரப்பர் டயர்கள், ஒரு குரோம் சக்கரத்தின்மேல் உட்கார்ந்து அதைத் தின்றிருந்தன. பார்வைக்கு ரப்பர், உண்மையில் மெதுவாக்கின பி.வி.சி. அதை மெதுவாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற சேர்மானம் நாளாக ஆகக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் ஸ்டைரீனை உருக்கிவிடும். வெயில் இதற்கு உரம். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் மாடி அறைத் தகர டின்னுக்குள் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இனி டயருக்குத் தனி டப்பா.

அதே வெயிலுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. மஞ்சள் பூத்துப்போன பழைய ஸ்டிக்கர் தாளைக் கண்ணாடி ஜன்னலில் வெயில் பார்க்க ஒட்டி வைத்தால் சில நாளில் வெளுத்துவிடும். அமெரிக்காவில் வாரக்கணக்கில் காத்திருப்பார்களாம். எனக்கு நாலே நாள்.

டின்னின் அடியில் எஞ்சின் கிடைத்தது. பியூக் வி-8. வால்வுகள் ஆணித்தலை மாதிரி சிறுத்திருப்பதால் 'நெயில்ஹெட்' என்பார்கள். ஹாட் ராட்காரர்களுக்கு உயிர். வைத்துப் பார்த்தால், முன்னால் ரேடியேட்டரில் முட்டுகிறது, பின்னால் எஞ்சின் தடுப்புச் சுவரில் முட்டுகிறது. ஒன்றரை மில்லிமீட்டர் அதிகம். நிஜக் காரிலும் இதே தொல்லைதான், அங்கே அது ஒன்றரை அங்குலம்.

இரண்டு தெரு தள்ளிப் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். அதற்குள் பட்டறைகள் பாதிக்குமேல் ஓய்ந்துவிட்டன. அவர் இன்னும் மாங்காய்ப் பூட்டுக்கு லீவர் அராவுகிறார். காரை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாவி எங்க தம்பி?"

"இதுக்குச் சாவி கிடையாதுங்கய்யா."

"அப்ப எதை எதுக்குள்ள போடணும்?"

எஞ்சினைக் காட்டினேன். என் கையிலிருந்த நகம் தேய்க்கும் அரத்தைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, மூங்கில் குழாயிலிருந்து ஓர் எலிவால் அரத்தை உருவிக் கொடுத்தார். "ஒரு இழுப்பு இழு, ஒரு தடவை போட்டுப் பாரு. ரெண்டு இழுப்பு இழுத்தீன்னா போச்சு." அவர் திண்ணையிலேயே உட்கார்ந்து அராவினேன். பிளாஸ்டிக் தூள் வேட்டியெல்லாம் பனி மாதிரி. அவர் என் கையைப் பார்க்கவில்லை. அரத்தின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, இடையிடையே "மெதுவா" என்றார். பத்துப் பதினைந்து முறை போட்டு எடுத்த பிறகு, பியூக் எஞ்சின் சின்னதாக ஒரு சத்தத்தோடு உள்ளே உட்கார்ந்தது.

பானட்டை எடுத்து மேலே வைத்தார். மூடவில்லை. அழுத்தினார், மூடவில்லை. கார்புரேட்டர்கள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன.

"இதையும் அராவணுமா?"

"வேணாங்கய்யா. இந்த மாதிரி வண்டிக்கு மூடி போடமாட்டாங்க."

வீட்டுக்கு வந்து பானட்டை மிச்ச டப்பாவில் போட்டேன். டயர்கள் இல்லாத டப்பாவில்.

(தொடரும்)