அம்மாவின் கண்ணுக்குள் விமானக் கண்ணாடி

பொகவந்தலாவை டவுனில் பெயர்ப்பலகைகளும் ஓட்டோக்களுக்குப் பக்கக் கண்ணாடிகளும் வெட்டிக் கொடுக்கிறேன். கண்ணாடி என்று சொன்னாலும் அது அக்ரிலிக் தகடுதான். கொழுந்தையும் முற்றிய இலையையும் பிரித்தறிய முடியாமல் போன அம்மாவுக்குக் கடந்த வருடம் கண்புரைச் சத்திரசிகிச்சை நடந்தது. உள்ளே வைத்த லென்ஸுக்கு ஓர் அட்டை தந்தார்கள். அதில் 'பிஎம்எம்ஏ' என்று இருந்தது. என் கடைத் தகடுகளின் மேல்தாளிலும் அதே எழுத்துகள்தான். பயந்துபோனேன்.

காரணம் உண்டு. அக்ரிலிக்கில் வெடிப்பு பெரும்பாலும் விளிம்பில்தான் தொடங்கும். மேல்தாளை உரிக்காமல், தகடு அதிராதபடி பலகையோடு அழுத்திப் பிடித்து, சிறுபல் வாளால் அறுக்க வேண்டும். வேகம் கூடினால் உருகி ஒட்டிக்கொள்ளும். துளை போடும் முனையைக் கொஞ்சம் மழுக்கிக்கொள்வேன். கூராக இருந்தால் தகட்டைக் கவ்விப் பிளந்துவிடும். வெப்பம் 20 பாகை கூடினால் ஒரு மீற்றர் தகடு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர் நீளும். ஆகவே துளை, ஆணியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இங்கே விடியலில் குளிர், மதியம் வெயில். விளிம்பை 220, 400, 800 என்று சாண்ட் பேப்பரால் நனைத்துத் தேய்த்துப் பிறகு மெருகேற்ற வேண்டும். தின்னர் பட்டால் மயிரிழை வெடிப்புகள் கிளம்பும். வீட்டில் சிறு விமானம் கட்டுபவர்கள் ஜன்னலுக்கு அக்ரிலிக் வெட்டுவதும் இப்படித்தான்.

இரண்டாம் உலகப்போரில் ஸ்பிற்பயர் விமானியின் தலைக்கு மேலிருந்த மூடியும் அக்ரிலிக்கே. சூடுபட்டு அது சிதறியபோது துணுக்குகள் விமானிகளின் கண்களில் தைத்தன. கூர்விளிம்பு மென்மையான இடத்தில் உரசாதவரை கண் அவற்றைப் பொறுத்துக்கொண்டதை லண்டன் கண் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி கவனித்தார். 1949 நவம்பர் 29 அன்று, அதே பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். இரும்பு, செம்புச் சிதறல்களைக் கண் அப்படிப் பொறுப்பதில்லை. ஷெல்லடியில் கண்ணை இழந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்த அவுரோலாப், 1992 முதல் இந்த லென்ஸ்களை ஏழைகளுக்கும் எட்டும் விலையில் செய்கிறது. இவ்வகை லென்ஸ்களைக் கடைந்தெடுத்தபின், விளிம்பு மழுங்கக் கண்ணாடி மணிகளோடு நாட்கணக்கில் உருட்டி மெருகேற்றுவார்களாம். நான் ஓட்டோக் கண்ணாடிக்கு அரை மணி நேரம் செலவழித்தாலே அதிகம்.

அம்மா இப்போது கடைக்கு வந்தால், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விளிம்பில் நான் விட்ட கீறலைத் தொட்டுக் காட்டுகிறார்.