பெரியம்மா சொன்ன வழி

இரவு மணி 10.30. நேரலையில் இருந்தேன். ஒரு பாட்டு முடிவதற்குள் மூன்று அழைப்புகள். "காடியில நல்லா கேட்டுச்சு. வீட்டுக்கு வந்து கைப்பேசியில போட்டா வரல, தங்கச்சி! நான் கேட்ட பாட்டு வேற வரப்போகுது." விசாரித்தால், மூவருமே ஒரே இணையச் சேவையைப் பயன்படுத்துபவர்கள். மற்ற நேயர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் பொறியாளர் அண்ணன் அந்த நிறுவனத்தில் இருக்கும் நண்பரிடம் பேசிவிட்டு வந்தார். "கேபிள் நல்லாதான் இருக்கு. நம்ம நிலையத்துக்கு வர்ற வழியும் ரவுட்டர்ல இருக்கு. ஆனா நெக்ஸ்ட் ஹாப்புக்குப் போக முடியல."

வழி இருக்கிறதாம், போக முடியவில்லையாம்! மறுநாள் தே தாரிக் வாங்கிக் கொடுத்துத்தான் விளக்கம் பெற்றேன்.

இணையம் என்பது பல்லாயிரம் வலையமைப்புகளின் கூட்டு. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் போகலாம் என்று அவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறைதான் பிஜிபி. வெளியே சொல்லும்போது ஒவ்வொரு வலையமைப்பும் தன் எண்ணைச் சேர்த்து அனுப்பும். தன் எண்ணே திரும்பி வந்தால், சுற்றி வந்த செய்தி என்று தள்ளிவிடலாம். ஒரே வலையமைப்புக்குள் இருக்கும் ரவுட்டர்கள் அப்படி எண் சேர்ப்பதில்லை. அதனால் உள் பிஜிபிக்கு ஒரு கட்டுப்பாடு: வீட்டில் ஒருவர் சொன்னதை வீட்டிலேயே இன்னொருவரிடம் கடத்தக்கூடாது. எல்லாரும் எல்லாரிடமும் நேரடியாகப் பேச வேண்டும். 10 ரவுட்டர்கள் என்றால் 45 இணைப்புகள். 100 என்றால் 4,950!

இதற்கு 1996-இல் முன்வைக்கப்பட்ட தீர்வுதான் ரூட் ரிஃப்ளெக்டர். நம் குடும்பங்களில் ஒரு பெரியம்மா இருப்பாரே, அவரேதான். கல்யாணச் செய்தியை அவரிடம் சொன்னால் போதும், ஜொகூர் முதல் பினாங்கு வரை போய்விடும். கடத்தும் உரிமை அவருக்கு மட்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால்? அதனால்தான் பெரும்பாலும் இரண்டு பெரியம்மாக்களை வைத்திருப்பார்கள்.

சிக்கல் எங்கே என்றால், பெரியம்மா செய்தியை மாற்றாமல் சொல்வார். "மண்டபத்துக்கு எங்கள் வீட்டு வழியாக வாருங்கள்" என்று சம்பந்தி வீட்டார் ஈப்போ சித்தப்பாவிடம் சொல்கிறார்கள். சித்தப்பா அதை அப்படியே பெரியம்மாவிடம் சொல்ல, அவரும் அப்படியே எல்லாருக்கும் சொல்கிறார். ஆனால் சம்பந்தி வீடு எங்கே என்று சித்தப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த வீடுதான் நெக்ஸ்ட் ஹாப். அங்கே போக வழி தெரியாத ரவுட்டர், செய்தியைப் பட்டியலில் வைத்திருக்கும், பயன்படுத்தாது.

சம்பந்தி வீட்டு வழியைக் குடும்பத்தின் உள் வரைபடத்தில் சேர்த்துவிடலாம். அல்லது சித்தப்பாவே, "என் வீட்டுக்கு வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லலாம். பலர் செய்வது இதைத்தான். ரவுட்டரில் ஒரே ஒரு வரி. ஆனால் சொல்ல வேண்டியவர் சித்தப்பா. அவசரத்தில் பெரியம்மாவை அப்படிச் சொல்லவைத்தால் கல்யாணக் கூட்டம் மொத்தமும் அவர் வீட்டு வாசலில் நிற்கும். காடி நிறுத்தக்கூட இடமிருக்காது!

அன்றிரவு அந்த நிறுவனம் தன் எல்லையில் இருந்த இணைப்பைப் புது ரவுட்டருக்கு மாற்றியிருக்கிறது. அந்த ஒரு வரியை எழுத மறந்துவிட்டார்கள். கேபிள், பெரியம்மாவுடனான தொடர்பு, எல்லாமே திரையில் பச்சை. 40 நிமிடங்களுக்கு யாருக்கும் அங்கே பார்க்கத் தோன்றவில்லை.

11.15-க்கு முதலில் அழைத்த அண்ணன் மறுபடியும் வந்தார். "வந்துடுச்சி தங்கச்சி. ஆனா என் பாட்டைப் போட்டு முடிச்சிட்டீங்களே!"

இன்னொரு முறை போட்டேன்.