எக்செல் ஷீட்டில் அம்மாவைக் காணோம்!

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பரில் அரியர் வைக்காத புண்ணியவான்களே... சிம்ப்ளெக்ஸ் மெத்தட் ஞாபகம் இருக்கா? அதைக் கண்டுபிடித்த ஜார்ஜ் டான்ட்சிக், 1950-களில் டயட் இருக்க ஆசைப்பட்டார். வயிறு நிறையணும், கலோரி ஏறக் கூடாது என்று கணக்கைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார். 'தினமும் 500 காலன் வினிகர் குடி' என்றது அது! வினிகரை ஒரு மனுஷன் எவ்வளவு குடிக்க முடியும் என்று யாரும் அதற்குச் சொல்லி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

போன செமஸ்டர் லீவில் நானும் அதே வேலையில் இறங்கினேன். ஸ்பாட், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாடகை வீட்டு அடுப்படி. வீட்டில் நாலு பேர். அப்பாவுக்கு ஏழு வருஷமா சுகர். பாட்டிக்கு வெங்காயம், பூண்டு வாசனையே ஆகாது, ஏகாதசின்னா சாதமும் கிடையாது. எனக்கு இருபத்து நாலு மணி நேரமும் பசி. பட்ஜெட்? "உன் ஃபீஸ் கட்டினது போக மிச்சம் இருக்கறதுதான்" என்றாள் அம்மா. இதற்கு சொல்யூஷனே கிடையாது என்று லேப்டாப்பை மூடியிருக்கணும். ஆனா, அம்மா தினமும் மூணு வேளை இதை சால்வ் பண்றாளே!

எப்படி? முதல் துணை, ரேஷன். தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. மளிகைக் கடையில் பருப்பு இதைப் போல மூணு, நாலு மடங்கு. ஆனா, கார்டுக்கு மாசம் ஒரே ஒரு கிலோ பருப்புதான். எங்க வீட்டுக் கணக்குப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் சொச்சம்! ஐ.சி.எம்.ஆர். 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியோ, மொத்த கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. சோறு ஃப்ரீ, பருப்புக்குத்தான் காசு. சுகர் இருக்கிற வீட்டோட மொத்தச் சிக்கலும் இதில் அடக்கம்.

ட்விஸ்ட் காய்கறியில்தான். பாட்டியின் ரூல்ஸ் பெரிய இம்சை என்றுதான் நினைத்திருந்தேன். கேரட், பீன்ஸ், கோஸ் எல்லாம் அவருக்கு 'இங்கிலீஷ் காய்'. வாழைப்பூ, வாழைத்தண்டு, அவரை, புடலை, பாகல், கீரை என்றால் டபுள் ஓகே. காவிரிக்கரையில் வாழைக்கா பஞ்சம்? வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் 1993-லிருந்து திருச்சியில்தான் இருக்கு. காந்தி மார்க்கெட்டில் அம்மா பேரம் பேசினால், பூவும் தண்டும் சல்லிசாகப் பையில் விழும். அப்பாவிடம் 'நிறைய சாப்பிடுங்க' என்று டாக்டர் சொன்னதும் கிட்டத்தட்ட இதே லிஸ்ட். ரெண்டு பேருக்கும் ஒரே சமையல், கேஸ் மிச்சம்!

ராத்திரிக்குச் சப்பாத்தி என்றதும் பாட்டி முறுக்கிக்கொண்டார். "துலுக்க நாச்சியார் சந்நிதியில பெருமாளே ரொட்டி அமுது செய்யறாரே!" என்று அம்மா பாயின்ட்டைப் பிடித்தாள். "அங்கே வெண்ணெயும் உண்டுடி" என்றார் பாட்டி. (அப்பாவுக்குச் சப்பாத்தியும் எண்ணி ரெண்டுதான். கோதுமையால் சுகர் ஏறாது என்பதெல்லாம் சும்மா.)

எல்லாத்தையும் எக்செல்லில் ஏற்றி, கலோரி, புரோட்டீன் என்று கூட்டி, கெத்தாக வீட்டில் காட்டினேன். அம்மா "நன்னாயிருக்கு" என்றாள். பாட்டிதான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்... "இதுல உங்கம்மா எங்கடா?"

அப்பா, பாட்டி, நான். மூணே காலம்தான் போட்டிருந்தேன்.

அப்புறம்தான் கவனித்தேன். எல்லோரும் எழுந்த பிறகு அம்மா உட்காருவாள். அப்போது குழம்புச் சட்டியில் பருப்பு இருக்காது. ரசம், மோர் சாதம், ஊறுகாய். முடித்த கையோடு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். 'வயசாறதுடா' என்பாள். நாங்களும் நம்பினோம்! இழுத்துக்கொண்டு போய் ரத்தம் டெஸ்ட் பண்ணினால், ஹீமோகுளோபின் ஒன்பது. பன்னிரண்டாவது இருக்கணும். அம்மா மட்டும் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை.

இன்னொரு கூத்தையும் கேளுங்க. 2020-ல் செறிவூட்டப்பட்ட ரேஷன் அரிசித் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் சோதனை மாவட்டமாகத் தேர்வானது நம்ம திருச்சி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட், பி12 சேர்த்து மணி மணியாகச் செய்து, நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கலப்பார்கள். ஊற வைத்தால் அது மேலே மிதக்கும். 'பிளாஸ்டிக் அரிசி' என்று வாட்ஸ்அப் வதந்தி வேறு. அதை நம்பி, அம்மா அந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டிருக்கிறாள். அது மட்டுமே ரத்தசோகையைத் தீர்த்திருக்காதுதான். ஆனாலும், இரும்புச்சத்து தேவைப்பட்டவள் கையாலேயே...

இப்போ ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்த அயர்ன் மாத்திரை ஓடுகிறது. சாப்பிட்டதும் குடிக்கிற காபி, இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், ஒரு மணி நேரம் தள்ளித்தான். அம்மாவுக்கு இது பெரிய தண்டனை. கீரையோடு தினமும் நெல்லிக்காயோ எலுமிச்சையோ உண்டு. அதிலிருக்கும் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்குமாம். முதல் பந்தியில் அம்மா, பரிமாறுவது பாட்டி. 'போதும் போதும்' என்றாலும் விடுவதில்லை.

ஷீட்டில் இப்போ நாலு காலம். கடையில் மாசம் ஒன்றரை கிலோ பருப்பு, ஒரு கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை கூடுதலாக வாங்குகிறோம். பட்ஜெட் செல் சிவப்பு கலரில் எரியுது. என் பஸ் செலவில் கை வைத்தும் அணையலை. அடுத்த டெஸ்ட் மூணு மாசம் கழித்து.