கடலின் நிறத்தை அளக்கலாம்... தட்டும் கயிறும் போதும்!

ராமேசுவரம் தீவுக்கு இரண்டு கடல். வாடைக்காற்று வீசும் மாதங்களில் பாக் விரிகுடாவான வடகடல் கலங்கிச் சேற்று நிறமாகும். கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாவான தென்கடல் கொந்தளிக்கும். இது கரையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

ஆனால், 2019 செப்டம்பரில் தென்கடல் பச்சையாக மாறியது கணக்கில் இல்லாதது. காரணம், நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி. அது பெருகி மடிந்தபோது தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போனது. மண்டபம் பகுதியில் மீன்கள் செத்து ஒதுங்கின. தீவுகளை ஒட்டிய பவளப்பாறைகளும் மடிந்தன.

நிறம் மாறுவதைக் கண்ணால் பார்ப்பது ஒன்று, அளந்து குறித்து வைப்பது வேறு. அளப்பதற்கு இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி 1865-ல் பயன்படுத்திய தட்டே இன்றும் போதும். 20 செ.மீ அகலத் தட்டை நான்காகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கறுப்பும் வெள்ளையும் பூச வேண்டும். அடியில் எடைக்கல், மேலே 5 செ.மீ-க்கு ஒரு முடிச்சிட்ட கயிறு, அவ்வளவுதான். காலை 10 மணி முதல் 2 மணிக்குள், வள்ளத்தின் நிழல் விழும் பக்கமாக இறக்க வேண்டும். தட்டு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் கூட்டிப் பாதியாக்கினால், அதுதான் தண்ணீரின் தெளிவு. ஏறக்குறைய அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் வரை, செடி வளரும் அளவுக்கு வெயில் இறங்கும். மூங்கில் மிதவையில் கடற்பாசி வளர்ப்பவர்களுக்கு இது முக்கியம். கலங்கல் கூடினால் வெயில் குறைவதோடு, சேறும் பாசிமேல் படியும்.

தட்டு மட்டும் பார்த்தால் ஏமாறவும் கூடும். சேறும் தட்டை மறைக்கும், பாசியும் மறைக்கும். அதனால் நிறத்தையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். பழுப்பு என்றால் பெரும்பாலும் மண். பச்சை என்றால் நுண்பாசி. தேயிலைத் தண்ணீர் போலிருந்தால் அலையாத்திக் காட்டு இலைச்சாறு. ஒப்பிட்டுப் பார்க்க, நீலத்தில் தொடங்கிப் பழுப்பில் முடியும் 21 நிற அட்டை ஒன்று உண்டு. கேரளாவின் வேம்பநாட்டு ஏரியில் பொதுமக்களே இப்படித் தட்டும் நிற அட்டையும் வைத்து அளந்திருக்கிறார்கள்.

இஸ்ரோவின் ஓஷன்சாட் செயற்கைக்கோள்களும் கடல் நிறத்தை அளக்கின்றன. மீன் கூடும் இடம் பற்றிய அறிவிப்புக்கு அந்த நிறமும் உதவுகிறது. ஆழம் குறைந்த கரையோரத்தில் தரையும் கடற்புல்லும் சேர்ந்து தெரிவதால் அதன் கணக்கு பிசகும். அங்கே தட்டுதான் துணை.

இறால் குட்டை வைத்திருப்பவர்களுக்கு 30 முதல் 45 செ.மீ தெளிவு நல்லது. பச்சை நிறக் குட்டையில் அது 25-க்கும் கீழே இறங்கினால், விடியற்காலையில் ஆக்சிஜன் குறையும். அன்று இரவு ஏரேட்டரை நிறுத்தக் கூடாது.