பலிபீடத்தில் பெண் பூசாரி!

தகதகவென்று காயும் தங்கத் தட்டி. அதன் மேல் ஏறி நின்றாள் ஓர் இளம் பெண். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. அவள் காலை நெருப்பு சுடவில்லை!

அவள் பெயர் காரிக்லியா. "எத்தியோப்பியக் கதை" என்னும் பழைய கிரேக்க நாவலின் கதாநாயகி. எழுதியவர் ஹீலியோடோரஸ். எமிசா நகரத்துக்காரர். அந்த ஊர் இன்று சிரியாவில் ஹோம்ஸ் எனப்படுகிறது. கதை எழுதப்பட்டது கி.பி. 3 அல்லது 4-ம் நூற்றாண்டில். மொத்தம் 10 பாகங்கள்.

வெள்ளைக் குழந்தை

எத்தியோப்பிய ராஜாவும் ராணியும் கறுப்பு நிறம். பிறந்த குழந்தையோ வெள்ளை வெளேர் என்று இருந்தது! கருவுற்ற நேரத்தில் ராணி ஆந்திரோமிடாவின் படத்தைப் பார்த்ததுதான் காரணம் என்கிறது கதை.

கணவன் சந்தேகப்படுவானே என்று ராணி பயந்தாள். உண்மையை ஒரு துணிப்பட்டையில் எழுத்தாகப் பின்னினாள். அதைக் குழந்தையோடு வைத்து, வெளியே விட்டுவிட்டாள்.

திருவிழாவில் காதல்

குழந்தை கை மாறி, கிரேக்க நாட்டு டெல்பிக்கு வந்தது. அப்போலோ கோயில் பூசாரி காரிக்லிஸ் வளர்த்தார். பெரியவளானதும் அவள் ஆர்ட்டெமிஸ் தேவிக்குப் பூசாரி ஆனாள். கல்யாணமே வேண்டாம் என்று உறுதியாக இருந்தாள்.

ஒரு திருவிழா வந்தது. பலிபீடத்தில் தீ மூட்டும் பந்தத்தை தியாஜனிஸ் என்ற வாலிபனிடம் கொடுத்தாள். கண்கள் சந்தித்தன. உறுதி கரைந்தது!

மற்றக் கிரேக்கக் கதைகளின் நாயகிகளான கல்லிரோயியும் ஆந்தியாவும்கூடக் காதலனைக் கண்டது கோயில் திருவிழாவில்தான்.

வளர்த்தவரோ வேறு மாப்பிள்ளை பார்த்திருந்தார். எகிப்திய பூசாரி கலாசிரிஸ் துணையோடு காதலர் ஓடினார்கள். "கல்யாணம் ஆகும்வரை தொடமாட்டேன்" என்று தியாஜனிஸ் சத்தியம் செய்தான்.

தந்தை கையில் மகள்

கடற்கொள்ளையர், திருடர், போர். கடைசியில் இருவரும் கைதிகளாக எத்தியோப்பியாவின் மெரோவி நகருக்கு வந்தார்கள். சூரியனுக்கும் சந்திரனுக்கும் கைதிகளைப் பலியிடுவது அங்கே வழக்கம். கற்பு தவறாதவரே பலிக்குத் தகுதி. அதற்குத்தான் தங்கத் தட்டிச் சோதனை. இருவரும் தேறினார்கள். தேறியதே வினையாயிற்று! பெற்ற தகப்பனே மகளைப் பலியிடும் நிலை.

காரிக்லியா துணிப்பட்டையை நீட்டினாள். ராணி அதிர்ந்தாள். அது அவள் கைவேலை! ஆந்திரோமிடாவின் படத்தைக் கொண்டுவந்து பார்த்தார்கள். அதே முகம். இடது கையில் இருந்த கறுப்பு மச்சமும் சாட்சி சொன்னது.

நரபலியை தெய்வங்கள் விரும்பவில்லை என்றார்கள் ஞானிகள். அன்றோடு நரபலி நின்றது. தியாஜனிஸ் சூரியனுக்கும், காரிக்லியா சந்திரனுக்கும் பூசாரி ஆனார்கள், தம்பதியும் ஆனார்கள்.

காதலுக்காகக் கோயிலை விட்டு ஓடியவள், காதலனோடு கோயிலுக்கே திரும்பினாள்!