இறக்கையில் கசிந்த எச்சரிக்கை

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் சங்குமுகம் கடற்கரைக்கும் கூப்பிடு தூரம்தான். அங்கே தரையில் நிற்கும் விமானத்தின் மீதே உப்புக்காற்று படியும். உப்புநீரிலேயே ஓடி எழும்பும் கடல் விமானத்தின் கதி என்ன?

கேரளத்துக்கு இது இன்றைய கேள்வி. 2013இல் கொல்லத்தில் தொடங்கிவைக்கப்பட்ட கடல் விமானத் திட்டம் மீனவர்களின் எதிர்ப்பால் முடங்கியது. 2024 நவம்பர் 11 அன்று கொச்சி போல்காட்டியிலிருந்து கிளம்பிய ‘ட்வின் ஆட்டர்’ விமானம் மாட்டுப்பெட்டி அணையில் இறங்க, திட்டத்துக்கு மீண்டும் உயிர் வந்தது. இந்த வேளையில் படிக்க வேண்டிய விபத்து அறிக்கை ஒன்று உண்டு.

2005 டிசம்பர் 19, பிற்பகல். அமெரிக்காவின் மயாமி துறைமுகக் கால்வாயிலிருந்து பஹாமாஸின் பிமினித் தீவுக்கு, ‘சாக்ஸ் ஓஷன் ஏர்வேஸ்’ நிறுவனத்தின் கடல் விமானம் எழும்பியது. சற்று நேரத்தில் வலது இறக்கை முறிந்து தனியே போனது. விமானம் தீப்பிழம்போடு நீரில் விழுந்தது. 18 பயணிகள், 2 விமானிகள் என 20 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஏன் எழும்பும்போது?

நீரில் மிதக்கும்வரை விமானத்தின் எடையை அதன் அடிப்பாகம் தாங்குகிறது. எழும்பியதும் முழு எடையையும் இறக்கைகள் ஏற்கின்றன. அப்போது இறக்கை மேல்நோக்கி வளையும். அதன் அடித்தகடு இழுபடும். ஒவ்வொரு பயணத்திலும் இது நடக்கும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் ஒடிவதுபோல, உலோகத்தில் மயிரிழை விரிசல் விழுந்து மெல்ல நீளும். இதுவே உலோகச் சோர்வு. உப்பு அரிப்பும் சேர்ந்துகொண்டால் விரிசல் வேகமாக வளரும். விபத்துக்குள்ளான ‘கிரம்மன் மல்லார்ட்’ 1947இல் தயாரானது. 31 ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்திருந்தது.

ஒட்டுப்போட்டால் போதுமா?

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் புலனாய்வாளர்கள் முறிந்த இறக்கையை ஆராய்ந்தார்கள். அந்த விமானத்தில் இறக்கைக்கு உள்ளேயே எரிபொருள் நிற்கும். வலது இறக்கையில் எரிபொருள் பலமுறை கசிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் நிறுவனத்தின் பராமரிப்பாளர்கள் பசை பூசிக் கசிவை அடைத்தார்கள். தகட்டில் விரிசல் தெரிந்தபோது மேலே இன்னொரு தகட்டை வைத்து ஒட்டுப்போட்டார்கள். தகட்டுக்கு உள்ளே பலம் கொடுக்கும் ‘இசட்’ வடிவச் சட்டத்தில் விரிசல் வளர்ந்துகொண்டிருந்தது, அதைச் சரிசெய்யவில்லை. எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தவர்கள், ஏன் ஒழுகுகிறது என்று பார்க்கவில்லை.

2007இல் வெளியான வாரியத்தின் முடிவு இரண்டு தரப்பையும் சாடியது: விரிசலைக் கண்டறிந்து முறையாகப் பழுது பார்க்காத நிறுவனம், அந்தப் பராமரிப்புக் கோளாறுகளைக் கவனித்துத் திருத்தாத அரசு ஒழுங்குமுறை அமைப்பு. இன்னொரு ஓட்டையும் வெளிப்பட்டது. வயதான விமானங்களுக்கான கடும் சோதனை விதிகளிலிருந்து, 1958க்கு முன் சான்று பெற்ற வடிவமைப்புகளுக்கு விலக்கு இருந்தது. மிகப் பழைய விமானங்களுக்கே மிகக் குறைந்த சோதனை!

கேரளத்துக்கு வந்த ‘ட்வின் ஆட்டர்’ வேறு வகை விமானம். மல்லார்டின் குறை அதற்கும் உண்டு என்று சொல்ல முடியாது. ஆனால், உப்புநீரும் உலோகச் சோர்வும் எல்லாக் கடல் விமானங்களுக்கும் பொது. கடலில் இறங்கிய விமானத்தை நன்னீரில் கழுவ வேண்டும். அரிப்பை அடிக்கடி சோதிக்க வேண்டும். ஒரே பழுது மீண்டும் வந்தால் காரணம் தெரியும்வரை பறக்கக் கூடாது. காயலில் படகுத்துறை கட்டுவதற்கு முன், இந்தப் பராமரிப்புக்கு யார் பொறுப்பு, அதை யார் கண்காணிப்பார்கள் என்பதைக் கேரள அரசு மக்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.