அயல் மதமும் பழவேற்காடும்

இஸ்லாத்தைப் பற்றி நம்மவரிற் பலர் உறுதியான அபிப்பிராயம் வைத்திருக்கின்றனர். அஃது எவ்விதம் உண்டாயிற்று என்று வினவினால், தூரதேசத்து யுத்தச் செய்திகளையும் மேடைப் பேச்சுகளையும் காட்டுவரேயன்றி, ஒரு முஸ்லிம் நண்பர் தம் மதத்தைப் பற்றிச் சொன்னதைக் காட்டுவோர் மிகச் சிலரே. இக்குறை எல்லா மதஸ்தரிடத்தும் உண்டு. ஆயினும் பெருந்தொகையினராகிய ஹிந்துக்களுக்கே இதில் பொறுப்பு அதிகம்.

சென்னைக்கு வடக்கே, மீனவர் குப்பங்கள் சூழ்ந்த ஏரிக்கரையில் உள்ளது பழவேற்காடு. ஆதிநாராயணப் பெருமாள் கோவிலும், பள்ளிவாசல்களும், மகிமை மாதா ஆலயமும் அவ்வூரிலே இருக்கின்றன. அங்கு இஸ்லாம் வாளோடு வரவில்லை; வர்த்தகத்தோடு வந்தது. மலாய் நாட்டு முஸ்லிம்கள் இன்றும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குப் 'பெலிகாத்' என்று பெயர். அது பழவேற்காட்டின் பெயரேயாகும். தமிழ் முஸ்லிம்கள் தம் மதக் கடமைகளைத் தொழுகை என்றும் நோன்பு என்றும் தமிழிலேயே வழங்குகின்றனர். இவர்களை அந்நியர் என்பது எவ்வளவு அறியாமை!

மதப்பகை இக்கடற்கரைக்குக் கப்பலேறி வந்ததுண்டு. பதினாறாம் நூற்றாண்டில் வந்த போர்ச்சுகீசியர், தம் நாட்டில் நெடுங்காலம் பொருத முஸ்லிம்களை 'மூர்' என்றழைத்தவாறே இங்குள்ள முஸ்லிம் வணிகரையும் அழைத்து, அதே பகையைப் பாராட்டினர். தேவமாதாவின் பெயரால் கோவில் எழுப்பிய அவர்கள், திருக்குர்ஆனின் 19-ஆம் அத்தியாயம் அந்த மரியம்மையின் பெயரையே தாங்கியிருப்பதை எண்ணிப் பார்த்தனரா? அவர்கள் நாடியது மிளகும் துணியும் கடல்வழியுமே. 1612-இல் பழவேற்காட்டிலிருந்த டச்சுக்காரரின் பண்டசாலையை அவர்கள் தாக்கி அழித்தனர். இரு திறத்தாரும் கிறிஸ்துவையே வணங்கியவர்! மறுவருஷமே டச்சுக்காரர் ஜெல்திரியா கோட்டையைக் கட்டினர்.

அக்கோட்டையினின்று அடிமைகளாக நம் ஜனங்கள் பட்டாவியாவுக்கு ஏற்றப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆயினும் அங்கேயே வேறொரு காரியமும் நடந்தது. 1632 முதல் 1642 வரை அங்குப் பாதிரியாராயிருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்னும் பிராமணரை அடுத்து, ஹிந்துக்களின் ஆசாரங்களையும் தெய்வக் கொள்கைகளையும் கேட்டுக் கேட்டு எழுதினார். பத்மநாபன் போர்ச்சுகீசிய மொழியிற் பொருள் சொல்ல, பர்த்ருஹரியின் வாக்குகள் டச்சு மொழியில் ஏறின. அந்நூல், அவர் காலமான பின்னர், 1651-இல் லெய்டன் நகரில் வெளியாயிற்று. அதன் தலைப்பிலேயே நம் மதத்தை அஞ்ஞானம் என்கிறார். தம் கொள்கையை அவர் விடவில்லை. விட வேண்டுமென்று யார் கேட்டார்? ஹிந்து மதத்தை அறிய ஹிந்துவிடமே போனார் என்பதே விஷயம்.

அவர் பத்து வருஷம் செய்ததில் பத்து நாளேனும் நம் தேசத்தொண்டர்கள் செய்ததுண்டா? ரமலான் மாதத்தில் குல்லாயணிந்து, நோன்புக் கஞ்சி குடித்து, படமெடுத்துக்கொண்டு திரும்புவது அறிவாகாது. ஈசாவும் மூசாவும் இப்ராஹீமும் குர்ஆனில் பெறும் ஸ்தானம் யாது? சேமித்த பொருளில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைக்கு உரியதாக்கும் ஜகாத் எவ்வாறு கணக்கிடப்படுகிறது? உமறுப் புலவர் நபிகளின் சரித்திரத்தைச் சீறாப்புராணமாகத் தமிழிற் பாடியபோது நம் காவிய மரபை எங்ஙனம் கையாண்டார்? இவற்றைப் பள்ளிவாசலிலுள்ள ஆலிமிடம் அமர்ந்து கேட்கலாம். அவரும் நம் மதத்தைப் பற்றி நம்மைக் கேட்பார். விடையளிக்க நம்மவரில் எத்தனை பேர் ஆயத்தமாயிருக்கின்றனர் என்பது வேறு விஷயம்.